மூன்று சொட்டும் ஒரு கோழியும்

சந்தைக்கு முட்டைக்கோசு வாங்க வந்தவன் முட்டைக்கோசை மறந்தான். பல் பிடுங்கிக்கொள்ள வந்தவள் பல்வலியையே மறந்தாள். ரோடோப்பி மலையின் ஆறு கிராமமும் பேராசிரியர் ஸ்பாசிமிரின் மேடைக்கு முன்னால்தான் நின்றது. எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளை அங்கி போட்டவரிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதையா?

"உங்க மூளைக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. கஞ்சா ஏற்பின்னு பேரு. விஞ்ஞானிங்களே ஒத்துக்கிட்டாங்க! சாவி என்கிட்ட இருக்கு. மூணே சொட்டு! கரடி எதிர்ல வந்தாலும் வணக்கம் சொல்லிட்டுப் போவீங்க!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்.

சாவி என்றது போதை ஏறாத கஞ்சா விதை எண்ணெயை. ஒரு கோழியின் அலகில் மூன்று சொட்டு விட்டார். மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தார். கையை எடுத்தார். கோழி அசையவில்லை. கழுத்துக்கு நேரே கத்தியைக் காட்டினார். அப்போதும் அசையவில்லை. என்ன தைரியம்! கைதட்டல் மலையில் எதிரொலித்தது.

எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் தெமெனுகா. பக்கத்தில் அவள் கணவன் ராதோய், வனக்காவலன். இலையுதிர் காலத்தில் அவனுக்குப் பத்தடி முன்னால் ஒரு கரடி எழுந்து நின்றது. அது பாட்டுக்குப் போய்விட்டது, பயம் போகவில்லை. தட்டு விழுந்தால் அலறினான். போன மாதச் சந்தையில் இதே பேராசிரியரிடம் வாங்கிய இரண்டு குப்பி எண்ணெய் உள்ளே போனபின் அலறல் நின்றது. பேச்சும் நின்றது. அவரைக்கொட்டை சூப் ஆறிப்போகும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். 'சாந்தமாகிவிட்டான்' என்று அவள் பூரித்தாள். ப்ளோவ்திவ் நகர மருத்துவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை அவன் மறுபடி காட்டுக்குப் போக வேண்டும், தனியாக.

கூட வந்திருந்த ராதோயின் தங்கை வெலிச்கா கைதட்டவில்லை. சோஃபியாவில் எலிகளின் பயத்தை ஆராய்கிற கூடத்தில் அவளுக்கு வேலை.

"அண்ணி, எண்ணெய் படாத கோழி ஒண்ணு வாங்கிக் குடேன்."

"எதுக்குடி? இங்கயே சூப் வைக்கப் போறியா?"

"அப்புறம் வைக்கலாம். முதல்ல கொஞ்சம் வேடிக்கை."

அண்ணி வாங்கித் தந்த கோழியோடு வெலிச்கா மேடை ஏறினாள். ஒரு சொட்டும் விடாமல் மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்கினாள். கையை எடுத்தாள். இந்தக் கோழியும் கட்டையாகக் கிடந்தது. கூட்டம் முணுமுணுத்தது.

பேராசிரியர் சளைக்கவில்லை. "காத்துல என் எண்ணெய் வாசம் பரவியிருக்கும்மா! அதோட சக்தி!"

"அப்படியா? அப்ப முழுக் குப்பியே குடுப்போம்."

கோழியைத் தூக்கி நிறுத்தி உலுக்கினாள். குப்பியை அதன் அலகில் கவிழ்த்தாள். அமுக்காமல் விட்டுவிட்டுக் கத்தியைக் காட்டினாள். அவ்வளவுதான்! கோழி ஒரு கத்துக் கத்தி, பேராசிரியரின் தலையில் கால் வைத்து, தக்காளிக் கடைப் பக்கம் பறந்தது. வெள்ளை அங்கியில் அது விட்டுச்சென்ற சான்றிதழை எல்லோரும் பார்த்தார்கள்.

"கரடிக்கு வணக்கம் சொல்லும்னீங்களே, ஐயா!" என்று யாரோ கத்தினார்கள்.

வெலிச்கா சொன்னாள்: "அமுக்கிப் பிடிச்சா கழுகு பிடிச்சதா நினைச்சுக் கோழி உறைஞ்சுபோகும். செத்த மாதிரி கிடந்தா விட்டுடும்னு ஒரு நப்பாசை. அது தைரியம் இல்ல, உச்சக்கட்ட பயம். ஏற்பி இருக்கறது நிஜம்தான். ஆனா அதுக்கு வேண்டிய சாவியை மூளையே செஞ்சுக்குது. எப்ப உறையணும், எப்ப ஓடணும்னு முடிவாகறதுல அந்த ஏற்பிக்குப் பங்கு இருக்கு. அந்த ஏற்பி இல்லாத எலிங்க, ஆபத்து போனப்புறமும் ரொம்ப நேரம் உறைஞ்சே நிக்குது. ஒரே ஏற்பி ஒரு நரம்புல ஒரு வேலை செய்யுது, இன்னொண்ணுல வேற வேலை செய்யுது. எல்லாத்துக்கும் ஒரே சாவியாம்! இந்த எண்ணெயைக் காய்கறியில ஊத்திச் சாப்பிடுங்க, நல்லாருக்கும்."

சிரிப்பு அலைமோதியது. தெமெனுகா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் மேசைமேல் இன்னும் அசையாமல் கிடந்த முதல் கோழியிலிருந்து கணவன் முகத்துக்குப் போனது.

"ராதோய், உனக்குப் பயம் போயிடுச்சுதானே?"

வாரக்கணக்கில் வாய் திறக்காதவன் திறந்தான். "போகல, தெமெனுகா. நகரத்தான் முடியல."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே மருத்துவருக்குத் தொலைபேசி போட்டாள். "திங்கக்கிழமை காட்டுக்கு இல்ல, ப்ளோவ்திவுக்கு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை கொஞ்சம் இறுகியது.

பேராசிரியர் மூட்டை கட்டினார். அடுத்த ஊர்ச் சந்தை வியாழக்கிழமை. அங்கேயும் கூட்டம் வரும், கையும் தட்டும். கோழியை அசையாமல் கிடத்த இரண்டு கையும் கொஞ்சம் பலமும் வேண்டியிருக்கிறது. மனிதர்களுக்கு ஓர் ஒலிபெருக்கி போதுமாம். கேள்வி கேட்க வாய் இருந்தும் மல்லாக்கக் கிடந்தால், கோழி நம்மைப் பார்த்துச் சிரிக்காதா?