மஞ்சள் புள்ளி

"அண்ணா, இது பறவைதானே?" என்று கேட்டான் மோகன்ராஜ்.

ராபின் கேமராவின் முதுகிலிருந்த சின்னத் திரையைக் கையால் வெயிலுக்கு மறைத்துக்கொண்டு பார்த்தார். சோழவரம் ஏரியின் நடுவில் உட்கார்ந்திருந்த கூழைக்கடாவைத்தான் அவர் படம் எடுத்திருந்தார். படத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீரின் மேல், யாரோ வேட்டியைச் சோப்புப் போட்டுவிட்டு அலச மறந்து போன மாதிரி ஒன்று மிதந்தது.

"கூழைக்கடாப்பா. அசைஞ்சிட்டுது."

"முக்கா மணி நேரமா அது அசையலண்ணா. நானும் பாத்துக்கினுதான் கீறேன்."

மோகன்ராஜுக்கு உள்ளூர்தான். சோழவரத்தில் சொந்த நெல் வயல், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராபின் வேலை பார்க்கும் அதே வார்ப்பட ஆலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். இன்று அவன் ஒரு புது லென்ஸ் கொண்டுவந்திருந்தான். முழ நீளம். சுரைக்காயைத் தாங்குகிற மாதிரி அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ரெண்டு பேர் கேமராவும் ஒரே கம்பெனிதானே. இதப் போட்டுப் பாருண்ணா."

ராபின் போட்டுப் பார்த்தார். கூழைக்கடாவின் தாடைப் பை தெரிந்தது. பைக்கு வெளியே ஒரு மீனின் வால் தெரிந்தது. வாலின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரிந்தது. அந்த மீன் கடைசியாக யாரை நினைத்துக்கொண்டது என்பதைத் தவிர எல்லாமே தெரிந்தது.

"ஆண்டவரே!" என்றார்.

"மாத்திடுண்ணா. மெட்ராஸ்ல அந்தக் கடையில எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கீறான். பழசக் குடுத்துட்டு புதுச வாங்கிக்கலாம். வர்ற சனிக்கிழம வரைக்கும்தான்."

"பழசக் குடுக்கணுமா?" என்று கேட்டவர், அதுவரை காட்டிய ஆர்வத்தையெல்லாம் சுருட்டி வைத்துக்கொண்டார்.

இங்கே அந்தப் பழைய லென்ஸின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

ராபின் ஆலையில் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறார். வார்த்துக் கடைந்த இரும்பு உருப்படிகள் அவர் மேசைக்கு வரும். அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் மார்க்கரால் மஞ்சள் புள்ளி, தப்பாக இருந்தால் சிவப்பு. மஞ்சள் புள்ளி விழுந்த பொருளை மறுபடி யாரும் அளக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். அளந்தால் முதலில் அளந்தவனை அவமதித்ததாகிவிடும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குக்கர் மூடி, ஏணி, காஸ் ட்யூப் எல்லாவற்றிலும் மஞ்சள் புள்ளி உண்டு. கல்யாணத்தன்று மோதிரத்தின் உள்பக்கம் புள்ளி வைக்கப் போனவரை, பெண்ணின் அக்கா ரோசம்மாள் கையைப் பிடித்துத் தடுத்ததாக இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர் வாழ்க்கையில் வைத்த முதல் சொந்தப் புள்ளி அந்த லென்ஸின் அடியில்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸில் பர்மா பஜாரில் வாங்கியது. எழுபதிலிருந்து முந்நூறு மில்லிமீட்டர் வரை போகும் ஜூம். அந்தக் காலத்தில் அதை மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நின்றால் ஜனம் அவரைப் பத்திரிகைக்காரர் என்று நினைத்து வழி விட்டது. ஒருநாள் காலை, பிளாட்பாரத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். மின்சார ரயிலுக்குக் காத்திருந்தவளின் சாப்பாட்டுப் பையை ஒரு ஆடு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் குடையால் ஆட்டைத் தள்ளிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். ராபின் கேமரா பட்டனை அமுக்கிவிட்டார். பிலிம் தீர்ந்து, கழுவி, பிரிண்ட் வந்து, தைரியமும் வர இரண்டு மாதம் ஆயிற்று. அவளிடம் போய் படத்தை நீட்டி அவர் பேசிய முதல் வாக்கியம், "ஆடு நல்லா வந்துக்கீது."

"அப்ப ஆட்டாண்ட குடுங்க" என்றாள் ஹெலன்.

ஆனால் படத்தை வாங்கிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் கல்யாணம். அந்தப் படம் இன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஆடு நிஜமாகவே நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதன் தாடி மயிரை எண்ணலாம். ஹெலனின் கம்மலில் வெயில் பட்டது கூடத் தெரியும்.

இப்போது அதே லென்ஸில் எடுத்தால் கூழைக்கடா வேட்டியாகிவிடுகிறது. பிலிம் கேமரா போய் டிஜிட்டல் வந்த பிறகும் நன்றாகத்தான் உழைத்தது. ஊரெல்லாம் வெள்ளக்காடான அந்தப் பெரிய மழை வருடத்துக்குப் பிறகுதான் பார்வை மங்கிப்போயிற்று. ஈரம் ஏறியிருக்கும், வயசும் ஆயிற்றே என்று ராபின் மனதைத் தேற்றிக்கொண்டார். தனக்கும்தான் முட்டி வலிக்கிறது, அதற்காக ஹெலன் தன்னை எக்ஸ்சேஞ்சில் போட்டாளா?

மறுநாள் காலை நாஷ்டா நேரத்தில் பேச்சை மெல்ல ஆரம்பித்தார்.

"ஹெலன், நம்ம லென்ஸுல பூஞ்சை புடிச்சிக்கீதுபோல. கடையில காட்டலாம்னு பாக்கறேன்."

ஹெலன் கையிலிருந்த தோசைக் கரண்டி கீழே விழுந்தது.

"கடையிலயா? கடையிலலாம் இன்னாத்துக்கு காட்டறீங்க? கழட்டி உள்ள கீறத எட்த்துட்டு வேற எதனா போட்டுடுவானுங்க. குடுங்க, நான் தொடச்சித் தரேன்."

"இல்ல, மோகனு சொன்னான், எக்ஸ்சேஞ்சுல..."

"எக்ஸ்சேஞ்சா!" அவள் கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது. "ஏங்க, அத யாராண்டயும் குடுக்காதீங்க. யாரும் அதத் திருப்பிப் பாக்கவே வேணாம். அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

லென்ஸை வாங்கிப் பழைய காட்டன் புடவைத் துண்டால் பொறுமையாகத் துடைத்தாள். ஒரு துவாலையில் சுற்றி பீரோவில் கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். சாவியைப் பைபிளுக்குப் பின்னால் வைத்தாள். அங்கே யாரும் திருட மாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை.

இருபத்தைந்து வருடம் கழித்தும் ஒருத்தி ஒரு லென்ஸுக்காக அழுகிறாள் என்றால் ராபின் எப்பேர்ப்பட்ட பாக்கியசாலி! இனி புது லென்ஸ் என்ற பேச்சே கிடையாது என்று முடிவு செய்தார்.

அந்த முடிவு வெள்ளிக்கிழமை வரை நின்றது. பார்க்கும் இடமெல்லாம் மீனின் வாலும் அந்தச் சொட்டுத் தண்ணீருமே தெரிந்தன. சனிக்கிழமை, ஹெலன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து பைபிளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாவியை எடுத்தார். துவாலைக்குள் வேறொன்று இருக்க வேண்டுமே! ஆலையின் கழிவுக் குவியலில் கேட்டு வாங்கி வந்திருந்த ஒரு இரும்புக் குழலைச் சுற்றி வைத்தார். கனம் கிட்டத்தட்ட சரி. நீளம் இரண்டு மில்லிமீட்டர் கூட. அதன் மேல் அவரே வைத்த சிவப்புப் புள்ளி இருந்தது. கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிஜெக்ட் உருப்படியை வைத்தவர், ஆல்பத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

சாயங்காலத்துக்குள் புது லென்ஸ் அவர் கைக்கு வந்து, ஆலை லாக்கருக்குள் போய்விட்டது. மறுநாள் சோழவரத்தில் எடுத்த கூழைக்கடா, இறகு இறகாக வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ராபின் ஒரு தப்பு செய்தார். வீட்டுக்கு வந்ததும் செல்லில் அந்தப் படத்தை ஹெலனிடம் காட்டிவிட்டார்.

"எதுல எடுத்தீங்க?" என்று கேட்டாள் ஹெலன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "நம்ம லென்ஸுதான். காலைல பீரோலருந்து எடுத்துக்கினு போய் வந்து வச்சிட்டேன்."

"அந்த லென்ஸா? நெஜமாவா?" ஹெலன் படத்தை மூன்று தடவை பார்த்தாள். அவரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. "பாத்தீங்களா, நான் தொடச்சது!"

கல்லூரியில் படிக்கும் மகள் சுகிர்தா எட்டிப் பார்த்தாள். "சூப்பர்ப்பா! அப்ப ஒண்ணு செய்யலாம். வர்ற ஞாயித்துக்கிழம உங்க வெள்ளி விழா. அதே ஸ்டேஷன், அதே பிளாட்பாரம், அதே லென்ஸு. அம்மாவ அங்க நிக்க வச்சி நீ எடு. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சி சபையில ஸ்கிரீன்ல போடலாம்."

"வேணாம்!" என்றார்கள் தாயும் தகப்பனும் ஒரே குரலில்.

"ஏம்மா?"

"ஆட்டுக்கு எங்கடி போவ?" என்றாள் ஹெலன். வேறு காரணம் அவளுக்கு அகப்படவில்லை போலிருந்தது.

"ஆடுலாம் நான் பாத்துக்கறேன். பாஸ்டர் அங்கிளாண்ட சொல்லிட்டேன், ரோசம்மா பெரிம்மா திருவள்ளூர்லருந்து வர்றாங்க, மோகன் மாமா வீடியோ எடுக்கறாரு. லென்ஸ பீரோலருந்து வெளிய எடுக்கறதுலருந்து எடுக்கப் போறாரு."

ராபின் பீரோவைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி வைத்த குழல் வீடியோவில் வெளியே வரும் காட்சி அவர் கண் முன்னால் ஓடியது. ஹெலனுக்கு அன்றைக்கு வெள்ளி விழாவா, விவாகரத்தா?

மெட்ராஸ் கடைக்குப் போன் போட்டார். "அது வந்த அன்னிக்கே போயிடுச்சு சார்" என்றார்கள். அவர்கள் சொன்ன விதத்தில், நல்ல விலைக்குப் போன மாதிரி தெரியவில்லை. அதுவும் அவருக்கு வலித்தது.

"இதான் பெரிய பேஜாரு" என்றான் விஷயத்தைக் கேட்ட மோகன்ராஜ். "அண்ணா, திருவள்ளூர் ஸ்டேஷனாண்ட பரசுராமன்னு ஒருத்தர் கீறாரு. ஸ்டூடியோ வச்சிருந்தவரு. பிலிம் காலத்து சாமான்லாம் இன்னும் வச்சிக்கினு கீறாரு. அங்க கேளு."

அதே மாடல் ஒன்றை வாங்கி, அதே இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ராபினுக்கு மூச்சு வந்தது.

சனிக்கிழமை கிளம்பும்போது ஹெலன் கேட்டாள். "எங்க?"

"திருவள்ளூர். ஒரு வேலையா."

"திருவள்ளூர்ல இன்னா வேல?"

"கோர்ட்டாண்ட... ஒரு ஆள பாக்கணும்."

"ஸ்டேஷன் பக்கம் போவ மாட்டீங்களே?"

"நான் இன்னாத்துக்கு ஸ்டேஷனுக்குப் போறேன், பஸ்லதானே போறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி நேரே ஸ்டேஷன் பக்கம்தான் போனார்.

பரசுராமனுக்கு எழுபது வயது இருக்கும். கடையில் பாதி இருட்டு, மீதி ட்ரைபாட். ராபின் மாடலைச் சொன்னதும் பெரியவர் ஒரு அட்டைப் பெட்டியைக் கிளறி எடுத்துக் கொடுத்தார்.

"இந்த மாடல்லாம் இப்ப எவன் சார் கேக்கறான்? நீங்கதான் ரெண்டாவது."

ராபின் ஸ்டூலில் உட்கார்ந்து ஜூம் வளையத்தைத் திருப்பினார். அதே இறுக்கம், கடைசியில் அதே சின்ன 'டக்'. கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தார். ரயில் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்ணின் குடை முனை பளிச்சென்று தெரிந்தது. பழையதுகூட அப்போது இப்படித்தான் இருந்தது. இருபத்தேழு வருடம் பின்னால் போய் அந்தப் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டு வந்தார். பிரிண்ட்டுக்கும் தைரியத்துக்கும் காத்துக்கொண்டு, அவள் என்ன சொல்வாளோ என்று தவித்த அந்த இரண்டு மாதமும் வேண்டும்போல் இருந்தது. அந்தப் பெண்ணையா ஏமாற்றப் போகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் அன்று அவள் கண்ணில் நின்ற தண்ணீர் ஞாபகம் வந்தது. பாவம், அவள் தாங்க மாட்டாள்.

"குடுங்க, இதையே எடுத்துக்கறேன்."

சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தார். லென்ஸைத் திருப்பி, அடிப்பக்கம், கேமராவில் மாட்டுகிற விளிம்புக்கு ஒரு விரல் மேலே, கண்ணை மூடிக்கொண்டே வைக்கக்கூடிய அந்த இடத்தில், மஞ்சளாக ஒரு புள்ளி வைத்தார். காயட்டும் என்று ஊதினார்.

பரசுராமன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, அந்தப் பெரிய மழ வருஷம் ஒரு அம்மா, 'பரண்லருந்து எடுக்கும்போது கீழ போட்டு ஒடச்சிட்டேன், எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு'ன்னு அழுதுக்கினே வந்து, நான் பூஞ்ச புடிச்சது வேணாம்னு சொல்லியும் கேக்காம இதே மாடல வாங்கி, இதே ஸ்டூல்ல குந்திக்கினு, இதே எடத்துல மஞ்சப் புள்ளி வச்சி எடுத்துக்கினு போனாங்க!"