கோரைக்குப் போட்ட வேலி

ஹேடோ

மதிப்பிற்குரிய மச்சான் ஈஸ்வரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் சிவப்பிரகாசம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் அமிர்தவல்லியும் கோரையும் சுகம். ரங்கத் ஊரில் தாங்கள் கோபம் தணிந்து சுகமாயிருக்க முருகன் அருள வேண்டும். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், ஆகையால் கடிதம்.

சிப்பிகாட் நிலத்தை மேடாக்கத் தாங்கள் அனுப்பிய மண் லாரியை நான் திருப்பியது உண்மைதான். காரணம் என் மகள் உதயா. சுனாமியில் கடல்தண்ணி ஏறியதிலிருந்து அந்த வயலில் புல்லும் கோரையும் தவிர எதுவும் வரவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. செடிகொடி ஆராய்ச்சி படிக்கிற பிள்ளை லீவுக்கு வந்தது, நிலத்தைப் பார்க்கணும்னு கிளம்பினது, நான் அரிவாளும் கையுமாய்ப் பின்னால் போனேன், பார்த்தால் தரையில குப்புறக் கிடக்குது. பாம்பு போட்டுடுச்சுன்னு நான் பதற, அது படுத்தபடியே, "அப்பா, அரிவாளைக் கீழ போடுங்க. இது அபூர்வமான கோரை. இன்னும் ரெண்டொரு இடத்துலதான் மிச்சம். மண்ணைக் கொட்டினா இங்கேயும் போச்சு" என்கிறது. கோரை பிடுங்கியே முதுகு வளைஞ்ச வம்சம் மச்சான் நம்மது. அதைக் காப்பாத்தன்னே அந்த வம்சத்துல ஒரு பிள்ளை படிச்சிருக்கு பாருங்க.

பரீட்சைக்குக் கப்பல் ஏறும்போது, "அடையாளம் ஞாபகம் இருக்காப்பா?" என்றது. ஒன்பதாவது வரைக்கும் படிச்சவன்கிட்டக் கேக்கிற கேள்வியா? தண்டை விரலில் உருட்டினா மூணு பட்டை தட்டும், அதானே. கப்பல் ஜெட்டியில வேலை முடிஞ்சதும் நேரா வயலுக்குப் போய் உருட்டி உருட்டிப் பார்த்து, இடுப்பு உசரம் தளதளன்னு நின்னதைத் தேர்ந்தெடுத்து மூங்கில் வேலி போட்டு, உள்ளே மத்த புல்லையெல்லாம் பிடுங்கி யூரியாவும் வெச்சேன். களைக்குக் களையெடுத்த விவசாயி இந்தத் தீவிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். பக்கத்து நிலத்து வங்காளி அண்ணன் பிஸ்வாஸ் தாதாவின் எருமையையும் வயல் பக்கமே அண்ட விடலை. "க்யா பாய், காஸ் கா சௌக்கிதார்?"னு கேட்டுட்டுப் பேச்சை நிறுத்திட்டார். புல்லுக்கு வாட்ச்மேனாம். இருந்துட்டுப் போறேன்.

அபர்டீன் பஜாரில் டீக்கடை அப்துல் ஜப்பார் பாய், "ஊர்ல புள்ளைங்க மனுஷனுக்கு டாக்டராவுது, உம்ம பொண்ணு புல்லுக்கு டாக்டரா?" என்று கேட்டார். "மனுஷனுக்கு நிறையப் பேர் இருக்காங்க பாய், புல்லுக்குத்தான் ஆள் இல்லை" என்றேன். அன்றைக்கு டீ கொஞ்சம் ஸ்ட்ராங்காக வந்தது.

வெள்ளிக்கிழமை மெயின்லேண்டிலிருந்து அவளுடைய பேராசிரியர்கள் வந்து கோரையைப் பார்க்கிறார்கள். தாய்மாமன் தாங்கள் வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் நிற்க வேண்டும். லாரி மட்டும் வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கமும், பேரப்பிள்ளைகளுக்கு ஆசியும், தங்களுக்குப் பொறுமையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
கோரை காக்கும் சிவப்பிரகாசம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உதயா பரீட்சை முடிந்து வந்து வயலைப் பார்த்துவிட்டாள். மூணு பட்டை எல்லாக் கோரைக்கும் உண்டாம். நான் யூரியா போட்டு வளர்த்தது ஊரெல்லாம் கிடக்கிற சாதாக் கோரை. அசல், வேலிக்கு வெளியே சாண் உசரம்கூட இல்லாமல் கிடக்கிறது. எருமை பெரிய புல்லை மேய்ந்து கொடுத்ததால்தான் அதுக்கு இத்தனை நாள் வெயில் கிடைச்சதாம். நான் விரட்டினதிலிருந்து புல் மூடிக்கிட்டு வருது. வெள்ளிக்குள் எருமை திரும்பணும். தாதாவும் என் போனை எடுக்கலை. தங்கள் பேச்சுக்கு அவரிடம் மரியாதை உண்டு. உடனே புறப்பட்டு வரவும். லாரியிலேயே வாருங்கள், வேலி மூங்கிலைப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போகலாம்.