கொல்லிமலையின் முறச் சுபிட்சம்

தேசத்தைச் சுபிட்சமாக்கும் பொறுப்பு சர்க்காருக்கு எப்போதுமே உண்டு. அந்தப் பொறுப்பு பட்டணத்தில் புறப்பட்டு, ஜில்லா ஜில்லாவாக இறங்கி, யுத்தத்துக்குச் சற்று முன்னால் டோலியில் ஏறிக் கொல்லிமலைக்கு வந்து சேர்ந்தது. டோலிக்குள் உட்கார்ந்திருந்தவர் சுபிட்ச அபிவிருத்தி ஸ்பெஷல் ஆபீசர் மாணிக்கம், பி.ஏ. தூக்கி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஆபீசருக்கும் மூச்சு வாங்கியது. மலை அவ்வளவு உயரம்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. தேவனூர் நாட்டு ஜனங்கள் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடினார்கள். பெருமாயி உரலில் சாமையைப் பாதி குத்தியும் குத்தாமலும் விட்டுவிட்டு, கையில் முறத்தோடு எரிச்சலாக வந்து நின்றாள்.

"நீங்கள் வருஷம் முழுக்க என்ன செய்கிறீர்கள்?" என்று ஆபீசர் கேட்டார்.

"சாமை வெதைக்கறோமுங்க. அறுக்கறோம், குத்தறோம், பொடைக்கறோம், திங்கறோமுங்க" என்றாள் பெருமாயி.

ஆபீசர் திடுக்கிட்டார். "நீங்களே விளைவித்து நீங்களே சாப்பிடுகிறீர்களா? இதனால் தேசத்துக்கு என்ன லாபம்?"

இத்தனை தலைமுறையாக யாருக்கும் இது தோன்றவே இல்லை. திருட்டில் அகப்பட்டவர்களைப் போல எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆபீசரின் பார்வை பெருமாயியின் முறத்தில் விழுந்தது.

"இது யார் செய்தது?"

"நானுங்க. மலையில மொறம் மொடையத் தெரியாதவங்க யாருமில்லீங்க."

"அப்படிச் சொல்லுங்கள்! எது எங்கே மலிவோ, அதை அங்கே செய்ய வேண்டும். தேசப் பொருளாதாரத்தின் அஸ்திவாரமே இதுதான். தானியம் ரங்கூனில் மலிவு. மூங்கில் இங்கே மலிவு. ஆகையால் உங்கள் விவசாயத்தை இனிமேல் ரங்கூன்காரன் பார்த்துக்கொள்வான். தேசத்துக்கு வேண்டிய முறங்களை நீங்கள் முடைவீர்கள். முறத்துக்கு ஒரு படி அரிசி."

"ஏனுங்க தொரை, அந்த அரிசியைப் பொடைக்கோணுங்களா?"

"வேண்டியதே இல்லை. மில்லிலேயே சுத்தமாகி வருகிறது. அப்படியே உலையில் போடலாம்."

"அப்ப மொறம் எதுக்குங்க?"

ஆபீசர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அம்மா, முறம் உங்களுக்கு அல்ல. தேசத்துக்கு."

தேசத்துக்கு என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ரங்கூன் அரிசி தலைச்சுமையாக மலையேறி வந்தது. மல்லிகைப் பூப்போல வெள்ளையாக இருந்தது. சாமைச் சோறு சட்டென்று அநாகரிகமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாப்பாயி, விருந்தாளி வந்தால் சாமைப் பானையைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள், "ஊட்டுல என்ன சோறுங்க?" என்று முதலில் விசாரித்துக்கொண்டார்கள். உள்ளதைச் சொன்னால் பெருமாயிக்கும் சந்தோஷம்தான். உலக்கை பிடித்த கையில் காய்ப்புக் குறைந்துவிட்டது.

அடுத்த வருஷம் மலையில் யாரும் விதைக்கவில்லை. ஆனாலும் பெருமாயி விதைச் சாமைப் பானையை மட்டும் சாம்பல் பூசிப் பரணிலேயே வைத்திருந்தாள். மலையில் ஒரு வழக்கம் உண்டு. விதை இல்லாதவர்கள் அடுத்த வீட்டு வாசலில் போய் முறத்தை நீட்டினால், வீட்டுக்காரி மறுபேச்சில்லாமல் கொட்ட வேண்டும். இல்லை என்று சொன்ன வீடு கிடையாது. பெருமாயியிடம் பலபேர் முறம் நீட்டியிருக்கிறார்கள். அவள் யாரிடமும் நீட்டியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

முறங்கள் குவிந்தன. கோயில் மண்டபம் நிறைந்தது. ஆட்டுப்பட்டி நிறைந்து, ஆடுகள் மழையில் நின்றன. அடிவாரத்திலும் ரங்கூன் அரிசி வந்து இறங்கிவிட்டதால் அங்கேயும் புடைப்பதற்கு ஒன்றுமில்லை. முறம் வாங்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. ஆபீசர் மறுபடியும் டோலியில் வந்து ஆலோசித்தார்.

"முறம் விற்கவில்லை என்றால் விலை அதிகம் என்று அர்த்தம். விலை குறைய வேண்டுமானால் இன்னும் ஏராளமாகச் செய்ய வேண்டும். இனி முறத்துக்கு அரைப்படி."

ஏராளமாகச் செய்தார்கள். முறங்களுக்கு நடுவில் இடம் தேடிப் படுத்தார்கள். மூன்றாம் முறை வந்தபோது ஆபீசரின் முகம் பிரகாசமாக இருந்தது.

"அடிவாரத்தில் பழனிமுத்து என்று ஒருவர் கால்படிக்கே முடைகிறார். ஆகையால் முறம் முடைவது இனி அங்கே நடக்கும்."

"அவரு அத்தனை கம்மிக்கு ஏனுங்க செய்யறாரு?"

"அவருக்கு வயல்வேலை போய்விட்டது."

"ஏனுங்க போச்சு?"

"ரங்கூன் அரிசி மலிவாகக் கிடைத்ததால்."

"எங்க வேலை ஏனுங்க போச்சு?"

"பழனிமுத்து மலிவாகக் கிடைத்ததால்."

இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

"உங்களைச் சர்க்கார் கைவிடாது" என்று ஆபீசர் தொடர்ந்தார். "அங்கே முடையும் முறங்களை மலைமேல் சுமந்து வந்து, செல்லரிக்காமல் புகை போட்டுக் காப்பாற்ற வேண்டும். கூலி முறமாகவே கொடுக்கப்படும். அதை விற்று அரிசி வாங்கிக்கொள்ளலாம்."

"யாருக்குங்க விக்கறது?"

"அது உங்கள் சுதந்திரம். அதில் சர்க்கார் தலையிடாது."

அன்று சாயங்காலம் பெருமாயியின் புருஷன் சின்னுசாமி கூலியாகக் கிடைத்த முறங்களை இறக்கி வைத்துவிட்டுப் பரணைப் பார்த்தான். பெருமாயியும் பார்த்தாள்.

"ஏம்புள்ள, வெதையை எடுக்கறதா?"

"என்ன செய்யறதுங்க? கொழந்தைங்க மொகத்தைப் பாக்க முடியல. இந்த நாட்டுல இத்தனை ஊடு இருக்குது. யாராச்சும் வெதை வெச்சிருக்க மாட்டாங்களா?"

உரல் மறுபடி சத்தம் போட்டது. அடுத்த வீட்டு உரலும் அதே நேரத்தில் சத்தம் போட்டதைப் பெருமாயி கவனிக்கவில்லை.

மாசியில் ரங்கூனை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான். அரிசி நின்றது. ஆபீசரும் நின்றார். ஜனங்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். வைகாசியில் மழை மட்டும் சொல்லிவைத்தாற்போல வந்தது. ஈரமாகக் கிடந்த சாமைக் காட்டைப் பெருமாயி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த ஈரத்தில் விதைக்காவிட்டால் அடுத்த வருஷம் வரைக்கும் பட்டினிதான். கர்வத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நல்ல முறமாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பொறுக்குவதற்குப் பஞ்சமே இல்லை.

வாசலிலேயே பாப்பாயி எதிரில் வந்தாள். அவள் கையிலும் முறம்.

"எங்க கண்ணு கெளம்பிட்ட?" என்று கேட்டாள் பெருமாயி.

"உங்க ஊட்டுக்குத்தானுங்க அக்கா. வெதைச் சாமை கேக்கலாம்னு."

"நான் உன்ற ஊட்டுக்கு வாரேன்!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்க ஊட்டுல வெதை இல்லாம இருக்காதேக்கா! அந்தத் தைரியத்துலதான் எங்களதைக் குத்தித் தின்னுட்டோம்."

"உங்களையெல்லாம் நம்பித்தான் கண்ணு நானும் தின்னேன்."

பெருமாயிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மந்தைக்குப் போனால், ஊரே முறத்தோடு வரிசையாக நின்றது. தேவனூரில் விதை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பைல் நாட்டார் முறத்தோடு வந்திருந்தார்கள். பெரக்கரை நாட்டில் கேட்கலாம் என்று எல்லோரும் கிளம்பும்போது, பெரக்கரை நாட்டார் முறத்தோடு சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த நேரத்தில் ஆபீசர் மாணிக்கமும் வந்தார். டோலி தூக்க யாருக்கும் தெம்பில்லாததால் நடந்தே வந்தார். கூட்டத்தைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீர்களா! நான் சொன்னேனே! கடைசியில் முறத்துக்குக் கிராக்கி வந்துவிட்டது!"

ஆபீசர் பெருமாயியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, கீழே ஒரு மணி அரிசி கிடைக்கவில்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். உங்களிடம் ஒரு படி சாமை கிடைக்குமா?"

பெருமாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டத்தான் நினைத்தாள். குழந்தைகள் என்றதும் வாய் வரவில்லை.

"வெறுங்கையை நீட்டுனா மலையில தானியம் போட மாட்டாங்க தொரை. இந்தாங்க" என்று ஒரு முறத்தைக் கொடுத்து வரிசையைக் காட்டினாள்.

ஆபீசர் முறத்தை வாங்கிக்கொண்டு மரியாதையாக வரிசையில் போய் நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொடுக்கிறவர் எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார்.

முன்னால் நின்றவர்கள் பின்னால் கை காட்டினார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் கை காட்டினார்கள்.