இரண்டு மணிச் சர்க்கரை

"நூத்தித் தொண்ணூத்தெட்டு!"

நிதாய் மோதக் சர்க்கரை பார்க்கும் கருவியை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினான். ஏழு மாத வயிற்றோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த ரும்பா, குத்துப்பட்ட விரலைப் பஞ்சால் அழுத்தியபடி அந்த எண்ணைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லு. என்ன தின்ன?"

"நீங்க அளந்து வச்சதைத்தான். அரைக் கிண்ணம் சோறு, ரெண்டு துண்டு ரோகு மீன், ஒரு தட்டு கீரை."

"கீரைக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு வருமா?"

"அதைக் கீரையைத்தான் கேக்கணும்."

அவன் நோட்டில் எண்ணை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான். பிறகு அறையை ஒரு சுற்றுப் பார்த்தான், திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ்காரர் பார்ப்பது போல.

கர்ப்பகாலச் சர்க்கரை என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து அவனுக்கு நிம்மதி இல்லை. சந்தன்நகரில், உள்ளே பாகு ததும்பும் ஜலபரா சந்தேஷ் செய்வதில் நிதாயை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வார்கள். சொல்கிறவர்களில் முதல் ஆள் நிதாய்தான். ஊருக்கே இனிப்பு செய்கிறவன், அன்று மாலையே வீட்டிலிருந்த சீனி, வெல்லம், பிஸ்கட் எல்லாவற்றையும் அள்ளி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டான். தானும் சீனி போடாத டீ குடித்தான். முகம் போன போக்கைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஒரு நாளைக்கு நான்கு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். காலை வெறும் வயிற்றில் ஒரு தடவை, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. மூன்றை ரும்பாவே பார்த்துக்கொண்டாள். மதியம் இரண்டு மணிக்கு மட்டும் நிதாய் கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து தானே பார்ப்பான். கட்டின மனைவி தன்னந்தனியாக நாலு தடவையும் குத்திக்கொள்ள வேண்டுமா என்ற பாசம்.

அந்த மூன்று எண்களும் சமர்த்தாக நூற்றுப்பத்துக்குள் அடங்கின. இரண்டு மணி மட்டும் எகிறியது.

ஆக, பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவே என்னமோ நடக்கிறது. அந்த நேரத்தில் மாடிக்கு வருகிற ஒரே ஆள் கீழ்வீட்டு ஆரதி அண்ணி.

நிதாய் நேராகக் கீழே இறங்கிப் போனான்.

"அண்ணி, ரும்பாவுக்கு என்ன கொடுக்கறீங்க?"

"பேச்சுத் துணை கொடுக்கறேன். ஏன், அதுலயும் சர்க்கரை இருக்கா?"

"நேத்து மூடின கிண்ணத்தோட மேல போனீங்களாம்."

"வெள்ளரிக்காடா! வயித்துப் பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்கலேன்னா, பொறக்கற குழந்தைக்கு வாயில எச்சில் ஒழுகிட்டே இருக்கும். அவ ஆசைப்பட்டது பாயசத்துக்கு. உன் பயத்துல வெள்ளரிக்கா கொடுத்துட்டு வந்தேன். எச்சில் ஒழுகினா நீதான் துடைக்கணும்."

"நாளையிலேருந்து மேல வராதீங்க."

"உங்க அண்ணன் கட்டின படி. நீ யாரு சொல்ல?"

இருந்தாலும் அண்ணி ரோஷக்காரி. மறுநாள் வரவில்லை. இரண்டு மணிக்கு இருநூற்று நான்கு வந்தது.

நிதாய் தேட ஆரம்பித்தான். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டான், தலையணை உறையை உதறினான். மெத்தைக்கு அடியில் ஒரு பாட்டில் இலந்தைப்பழ ஊறுகாய் அகப்பட்டது. வெல்லப் பாகில் ஊறியது.

"இதுக்கு என்ன சொல்ற?"

"மூடியைப் பாருங்க. சீல் கூட உடைக்கல."

"அப்புறம் எதுக்கு ஒளிச்சு வச்ச?"

"அப்பப்ப எடுத்துப் பாத்துக்கறேன். பாத்தாக்கூடச் சர்க்கரை ஏறுமா?"

ஊறுகாயைப் பறிமுதல் செய்தான். சோற்றைக் கால் கிண்ணமாகக் குறைத்தான். சமையலறை அலமாரிக்குக் கடையில் பெட்டி கட்டும் நூலைச் சுற்றி, தனக்கு மட்டுமே தெரிந்த முடிச்சைப் போட்டான். மறுநாள் முடிச்சு அப்படியே இருந்தது. சர்க்கரை இருநூற்றுப் பதினொன்று.

அப்போதுதான் அவனுக்கு மண்டையில் உறைத்தது. நான் பார்க்கும்போது மட்டும் ஏன் ஏறுகிறது? அவள் பார்க்கும்போது மட்டும் ஏன் இறங்குகிறது?

"நீ பொய்க் கணக்கு எழுதற!"

"என்ன?"

"உன் எண்ணெல்லாம் பொய். இனிமே நாலு தடவையும் நான்தான் பாப்பேன்."

விடிவதற்கு முன்பே கடைக்குப் போய் முதல் ஈடு சந்தேஷைத் தட்டில் அடுக்கிவிட்டு, ஆறரைக்கு ஓடி வந்தான். பிறகு பத்து மணிக்கு, இரண்டு மணிக்கு, ராத்திரி கடை சாத்தியதும் ஒருமுறை. நான்கு எண்களும் வானத்துக்குப் போயின. வெறும் வயிற்றிலேயே நூற்றெழுபது.

"பாத்தியா! என் கண்ணுக்கு முன்னால உண்மை தப்பிக்குமா?" என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குழந்தை வயிற்றில் தங்காமல் போயிற்று. இந்தக் குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவனுக்கு உள்ளூர நடுக்கம்.

நடுவில் ஒருநாள், சுஞ்சுராவில் ஒரு கல்யாணத்துக்கு இனிப்பு செய்யப் போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் ஆரதி அண்ணியிடமே கருவியைக் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தான். எண்பத்தெட்டு, நூற்றொன்று, நூற்றாறு, தொண்ணூற்றொன்பது.

"ரெண்டு பேரும் கூட்டு!" என்று கத்தினான்.

"கூட்டும் இல்ல, பொரியலும் இல்ல," என்றாள் அண்ணி. "நீ இல்லாத அன்னிக்கு அவ நிம்மதியா இருந்தா. அதான் இறங்கியிருக்கு. அவளுக்குச் சர்க்கரையே நீதான்டா."

ரும்பா சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"பசிக்குதுங்க," என்றாள். "தெனம் பசியோட தூங்கறேன். என் குழந்தைக்கு நானே கெடுதல் பண்ணுவேனா? வேற யாரு நம்பலேன்னாலும் போகட்டும், நீங்களுமா?"

நிதாய்க்கு அவளை நம்ப ஆசைதான். ஆனால் கருவி பொய் சொல்லுமா?

புதன்கிழமை டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். புருவம் ஏறியது.

"இது சாப்பாட்டுல அடங்கற சர்க்கரை இல்ல. நாளைக்கே வந்து சேருங்க. இன்சுலின் ஆரம்பிச்சுடலாம். பிரசவம் வரைக்கும் ஊசிதான்."

"வெள்ளிக்கிழமை ஷாத் வச்சிருக்கோம் டாக்டர்," என்றாள் ரும்பா மெதுவாக. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் புதுப்புடவை கட்டி, பிடித்ததெல்லாம் சமைத்துப் பந்தி போடுகிற நாள். அவள் அம்மா அதற்காகவே ரயிலேறிவிட்டாள்.

"ஷாத்தை அடுத்த குழந்தைக்கு வச்சுக்கலாம்," என்றார் டாக்டரம்மா.

வியாழக்கிழமை காலை ரும்பா அண்ணியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கையில் உட்கார்ந்தாள். இன்சுலின் ஊசி தட்டில் தயாராக இருந்தது. போடுவதற்கு முன்னால் நர்ஸ் தீபாலி தன் கருவியில் ஒருமுறை பார்த்தாள். நூற்று மூன்று.

அந்த நேரம் பார்த்து நிதாய் கடையிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தான். கையில் ஒரு பெட்டி ஜலபரா. மனைவிக்கு ஊசி வலிக்காமல் போட வேண்டும் என்று நர்ஸுகளுக்குக் கொண்டு வந்தது.

"நூத்தி மூணா? உங்க மெஷின் கெட்டுப் போச்சு சிஸ்டர்," என்றான்.

"காலையில வாங்கினது அண்ணா."

"இருங்க, நான் காட்டறேன்."

பெட்டியைக் கட்டிலில் வைத்தான். தன் கருவியை எடுத்தான். ரும்பாவின் விரலைப் பிடித்து, குத்தி, அழுத்திப் பிதுக்கி, துளியைக் கருவியின் பட்டையில் வைத்தான். இருநூற்று இருபத்தாறு.

"இப்ப சொல்லுங்க!"

ரும்பாவின் கண் நிறைந்துவிட்டது. "நேத்து ராத்திரியிலேருந்து தண்ணிதான் குடிச்சேன் சிஸ்டர். குழந்தை மேல சத்தியமா."

தீபாலி நிதாயின் கருவியையே கேட்டு வாங்கினாள். ரும்பாவின் இன்னொரு கையைப் பஞ்சால் துடைத்து, காய விட்டு, தானே குத்தினாள். தொண்ணூற்றெட்டு. அவள் நிதாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"இவனா? சந்தேஷ் கடையில பெரிய கை," என்றாள் அண்ணி, நிதாய் வாயைத் திறப்பதற்குள்.

தீபாலி இன்சுலின் தட்டைத் தள்ளி வைத்தாள். நிதாயின் வலது கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்:

"இத்தனை நாளா நீங்க அளந்தது உங்க சம்சாரத்தோட ரத்தத்தை இல்லண்ணா, உங்க கட்டைவிரல்ல ஒட்டியிருக்கற பாகை."