பழவேற்காட்டில் நான் உளவு பார்த்த கேலக்ஸி

என் வாழ்க்கையில் சுமார் இரண்டு நாள் நான் உளவாளியாக இருந்திருக்கிறேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘யாருக்காக?’ என்று மரியாதைக்குக் கேட்டு வைப்பார்கள். அது எனக்கே தெரியாது. பிடிபட்ட பிறகுதான் நான் உளவாளி என்ற தகவலே எனக்கு வந்து சேர்ந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வேலை நேரம் போக மீதி நேரத்தில் வானியலாளர் (நானேதான் சொல்லிக்கொண்டேன், வேறு யாரும் சொல்லவில்லை). ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றை மாதக்கணக்கில் தேய்த்து, பி.வி.சி. குழாய்க்குள் பொருத்தி, ஒரு தொலைநோக்கி செய்திருந்தேன். அதில் தெரியும் கேலக்ஸிகளைப் பென்சிலால் வரைவது என் பித்து. போட்டோ எவன் வேண்டுமானாலும் எடுப்பான், கையால் வரைகிறவனுக்குத்தான் கண் பழகும் என்று எங்கேயோ படித்துவிட்டு, அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கேலக்ஸி வரைவதில் ஒரு சௌகரியம் உண்டு. எதை வரைந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெள்ளைத் தாளில் ஒரு வட்டம், நட்சத்திரங்களுக்குக் கறுப்புப் புள்ளிகள், நடுவில் பென்சில் தூளை விரலால் தேய்த்து ஓர் அழுக்கு. அவ்வளவுதான். என் அம்மா அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, காப்பி டம்ளரைப் புத்தகத்தின் மேல் வைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது என்று கடிந்துகொண்டாள்.

இது போதாதென்று எனக்குத் தமிழ்ப் பற்று வேறு. குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுவேன் என்று சபதம். படத்தின் ஓரத்தில் வடக்குக்கு ‘வ’, மேற்குக்கு ‘மே’ என்று அம்புக்குறி போடுவேன். பக்கத்தில் காற்று எப்படி, தெளிவு எப்படி, கேலக்ஸி எவ்வளவு தூரம் என்று எழுதுவேன். இந்தச் சபதத்தை மட்டும் எடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சென்னை விளக்கு வெளிச்சத்தில் கேலக்ஸியாவது ஒன்றாவது. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த தேசப்பன், “எங்க ஊருக்கு வா வாத்தியாரே, ராத்திரில கை நீட்டனா கை தெரியாது” என்றான். பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தைத் தாண்டிய ஒரு சின்னக் குப்பம் அவனுடையது. பங்குனி அமாவாசைக்கு லீவு போட்டுவிட்டு, தொலைநோக்கியைத் தோளில் சுமந்துகொண்டு பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தேன். குழாயைப் பார்த்துவிட்டு, போர்வெல் போடுகிற ஆளா என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல இடமில்லாத கூட்டம்.

தேசப்பன் வீட்டில் அவன் அப்பா இருந்தார். வீட்டார் எல்லாரும் அவரை நைனா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பேச்சு குறைவு. அதற்கும் சேர்த்து அவன் அம்மா அஞ்சலை பேசுவார். தினமும் கூடை சுமந்து போய் மீன் விற்கிறவர். வந்த அன்றைக்கே, இந்த உடம்பை வைத்துக்கொண்டு ராத்திரியில் கண் விழிக்கக் கூடாது என்று எனக்கு மூன்று கரண்டி எறா (இறால்) தொக்கு அதிகமாக வைத்தார்.

வீடே அன்று குஷியில் இருந்தது. ஏரியில் எறா நன்றாக விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்த ராத்திரி யார் எந்தப் பாட்டில் கழி நட்டு வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதை மீறி யாரும் ஒரு கழி நட முடியாது. அமாவாசை இருட்டில்தான் எறா ஓடும். அந்த அமாவாசை ராத்திரி, இருப்பதிலேயே நல்ல பாடு, நைனாவின் பேருக்கு விழுந்திருந்தது. மூன்று வருஷம் கழித்து வந்த முறை. நைனா வலையைப் பிரித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

நான் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினேன். ஆனால் மனம் சிம்ம ராசியில் இருந்தது. அங்கே ஒரே பார்வைக்குள் மூன்று கேலக்ஸிகள் சேர்ந்து தெரியும். அமாவாசைக்கு முந்தின இரண்டு ராத்திரியும் ஏரிக்கரை மணலில் உட்கார்ந்து அவற்றை வரைந்தேன். வெளிச்சம் கண்ணில் படாமலிருக்கத் தலையோடு கறுப்புப் போர்வை. வரையும்போது மட்டும் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சைப் போடுவேன், பார்க்கும்போது அணைத்துவிடுவேன். இருட்டில் ஏரிக்கரையில் ஒருவன் முக்காடு போட்டுக்கொண்டு சிவப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வருஷம் ஏதோ ஒரு கம்பெனி எறா பண்ணை போடுவதற்காக ஏரியைத் திருட்டுத்தனமாக அளக்க ஆள் அனுப்பியிருக்கிறது என்று கரையெல்லாம் பேச்சு இருந்ததும் எனக்குத் தெரியாது.

சந்தேகம் முதல் ராத்திரியே வந்துவிட்டதாம். சாட்சியை நானே கொடுத்தேன். ஏரிப்பனியில் நோட்டு நனைந்து ஊறிப்போயிருந்தது. அமாவாசையன்று காலையில் பக்கங்களைப் பிரித்து, வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்த பாயின் ஓரத்தில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் வைத்துவிட்டு உள்ளே போய்த் தூங்கினேன். (உலகத்திலேயே தன் உளவுக் குறிப்புகளை ஊர் பார்க்கக் காயப் போட்ட ஒரே உளவாளி நானாகத்தான் இருப்பேன்.)

சாயங்காலம் தேசப்பன் என்னை உலுக்கி எழுப்பினான். முகத்தில் ஈயாடவில்லை. பஞ்சாயத்து கூடியிருக்கிறது என்றான். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டே யாருக்கு என்று கேட்டேன்.

வலை தைக்கும் கொட்டகையில் ஊரே இருந்தது. நடுவில் பெரியதனக்காரர், அதாவது ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். அவர் மடியில் என் நோட்டுத் தாள்கள், கருவாட்டு வாசனையோடு. நைனா ஓரமாகத் தன் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். விஷயம் தெளிவாகும் வரை அவர் வலை ஏரியில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெளி ஆளுக்குப் பாட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்கு முறை கிடையாது, அது ஊர்க் கட்டுப்பாடு. தண்ணீர் வற்றத் தொடங்குவதற்குள் கழி நட வேண்டும். இன்னும் ஐந்து மணி நேரம்கூட இல்லை, அதில் படகில் போகவே ஒரு மணி நேரம். நைனா என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

பெரியதனக்காரர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். வட்டம் ஏரியாம். புள்ளிகள் கழிகளாம். மூன்று அழுக்கும் ஏரியின் மூன்று நல்ல பாடுகளாம். பாடுகள் கிட்டத்தட்ட அப்படித்தான் அமைந்திருக்கின்றன என்று பின்னால் தேசப்பனே ஒப்புக்கொண்டான். வடக்கும் மேற்கும் குறித்திருக்கிறது. ‘காற்று மிதம். தெளிவு மூன்று.’ தண்ணீர்த் தெளிவு இவனுக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டார். கடைசியாகப் பெரியதனக்காரர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

“தூரம் மூணரைனு எழுதிக்கீற. மூணரை இன்னா? மைலா?”

“இல்லைங்க. கோடி ஒளியாண்டு” என்றேன்.

எல்லாரும் நைனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கரையிலிருந்து அவருடைய பாடு மூன்றரை மைலாம்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இருபத்து நான்கு வயது. எழுந்து நின்று கேலக்ஸி என்றால் என்ன என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பால்வெளியில் தொடங்கி அண்டம் விரிவது வரைக்கும் போனேன். தண்ணீர் மட்டும் யாருக்காகவும் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: “டச்சுக்காரன்கூட மொதல்ல கொழாயும் காயிதமும் எடுத்துனுதான் வந்தான். அப்பால பாத்தா கோட்டை கட்டிக்கினு குந்திக்கிறான்.” கூட்டம் ஆமாம் என்றது. டச்சுக்காரர்கள் காலத்தில் என் மாதிரித் தொலைநோக்கி கிடையாது என்று நான் திருத்தம் சொன்னேன். தேசப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

பெரியதனக்காரர் நியாயமான மனிதர். வானத்தில் இருப்பதைத்தான் வரைந்தாய் என்றால் காட்டு, பார்க்கிறோம் என்றார். எனக்கு உயிர் வந்தது. இருட்டியதும் கரையில் தொலைநோக்கியை நிறுத்தி, சிம்ம ராசிக்குத் திருப்பி, மூன்று கேலக்ஸிகளையும் பிடித்துவிட்டேன். பெரியதனக்காரர் ஒரு மீன் பெட்டி மேல் ஏறி நின்று கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஒண்ணியும் காணோம்.”

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. மங்கலான கேலக்ஸியை நேராகப் பார்த்தால் தெரியாது. கண்ணின் நடுப்பகுதிக்கு இருட்டில் பார்வை குறைவு. பக்கத்தில் வேறு எதையோ பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்தால்தான் மெல்ல எழும்பி வரும். வரைகிற எங்களுக்கு அது பழக்கம். இவர்களுக்கு எப்படிச் சொல்வது? வேறு வழியில்லாமல் சொன்னேன்: “நேரா பாக்காதீங்க ஐயா. அது இருக்கற இடத்தை விட்டுட்டுப் பக்கத்துல பாருங்க.”

அவர் பெட்டியிலிருந்து இறங்கினார்.

“பாக்காம இருந்தாதான் தெரியும்னு சொல்ற?”

“ஆமாங்க.”

கரையே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. அடுத்தடுத்து ஆறேழு ஆண்கள் ஏறினார்கள். ஆளுக்கு ஒரு கண்ணைப் பிதுக்கிக்கொண்டு முறைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் தன் கண்ணிமை மயிரைப் பார்த்துவிட்டு, புல் மாதிரி ஏதோ தெரிகிறது என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மணி எட்டரை ஆகிவிட்டது.

அஞ்சலை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டி மேல் ஏறினார். கண்ணை வைத்த மாத்திரத்தில் சொன்னார்: “மூணு கீதே. ரெண்டு ஒண்ணா, ஒண்ணு தள்ளி. எச்சி தொட்டு வெச்சாப்புல.”

நான் அழுதுவிட்டேன் என்று இன்றும் தேசப்பன் சொல்வான். மூக்கைச் சிந்தினேன், அவ்வளவுதான். உனக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று பெரியதனக்காரர் கேட்டார்.

“மீனு விக்கறவளுக்குத் தெரியாதா?” என்றார் அஞ்சலை. “வாங்கறவ மூஞ்சிய நேரா பாக்கணும், காக்காய ஓரமா பாக்கணும். காக்காயவே பாத்துனு இருந்தா வாங்கறவ போய்டுவா. வாங்கறவளயே பாத்துனு இருந்தா மீனு போய்டும்.”

ஆனால் அவர் நைனாவின் மனைவி. சாட்சி செல்லாது என்றார்கள். உடனே அஞ்சலை கூடைக்காரப் பெண்கள் நான்கு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். ஒவ்வொருத்தியும் ஏறினாள், ஒவ்வொருத்தியும் மூன்று என்றாள். ஒருத்தி மூன்றாவது நீளமாக, ஒல்லியாக இருக்கிறது என்றாள். அது அப்படித்தான் இருக்கும். இரண்டு ராத்திரி உட்கார்ந்தும் நான் அதை உருண்டையாக வரைந்திருந்தேன்.

ஊர் இரண்டாகிவிட்டது. பெண்களுக்கெல்லாம் தெரிகிறது, ஆண்களுக்கு ஒன்றுமில்லை. இதற்குத் தீர்ப்புச் சொல்ல எந்தப் பெரியதனக்காரரால் முடியும்?  அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டு, முதல் முறையாகத் தணிந்த குரலில் கேட்டார்.

“இத்த வரைஞ்சி யாருக்குத் தம்பி குடுப்ப?”

“யாருக்கும் இல்லைங்க. நானே வெச்சிப்பேன்.”

“இதுக்குப் போட்டோ கீதா?”

“இருக்குங்க. புத்தகத்துல. இதைவிட நல்லா, கலர்ல இருக்கும்.”

“அப்ப நீ ஏன் வரையற?”

கண் பழகும், பொறுமை வரும் என்று எத்தனையோ வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் நின்று யோசித்தபோது எனக்கே அது தெரியவில்லை. 

பெரியதனக்காரர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “எந்தக் கம்பெனிக்காரனும் இந்த மாதிரி ஆள வேலைக்கு வெக்க மாட்டான். தேசப்பா, ஒங்க நைனாவ வலய எடுத்துனு போவச் சொல்லு.”

 எல்லாருக்கும் அது சரியாகப் பட்டுவிட்டது. நைனா என்னைக் கடந்து படகுக்கு ஓடினார். பாதி ஊர் அவரோடு கழியைத் தூக்கிக்கொண்டு ஓடியது, டச்சுக்காரனை இழுத்த கிழவர் உட்பட. தண்ணீர் திரும்புவதற்குச் சற்று முன் வலை கட்டிவிட்டார்கள். விடிந்ததும் நைனா ஒரு சட்டி நிறைய எறாவை என் முன்னால் வைத்து, என்னிடம் பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினார்: “அந்த ஒல்லியா கீறத சரியா வரஞ்சிக்கோ.”

விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஓர் இடத்தில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா, வழக்கப்படி, பையன் எப்படி என்று விசாரிக்க ரகசியமாக அலுவலகப் பக்கம் வந்தார். டீக்கடையில் அவர் விசாரித்த ஆள் தேசப்பன். அவன் ஒன்றையும் விடவில்லை, நான் மூக்கைச் சிந்தியது உட்பட. இந்தச் சம்பந்தம் போயிற்று என்று நான் தலையில் கை வைத்திருந்தபோது சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாமனாரே காரணம் சொன்னார். “ஏன் வரையறேன்னு கேட்டப்ப ஒரு பொய் சொல்லிருக்கலாம் இல்ல? அதுகூடத் தெரியாதவன்கிட்டப் பொண்ணக் குடுத்தா பயம் இல்லனு தோணிச்சி.”

பெரியதனக்காரரின் தீர்ப்பும் வரதட்சணை மாதிரி என் மனைவியோடு கூடவே வந்துவிட்டது. போன வருஷம் ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று ஒரு தனியார் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனேன். நான்கு பேர் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவி காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

“இதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் அலையணும்? பழவேற்காட்லயே சொல்லி அனுப்பிட்டாங்களே.”