ஒரு முதலிடம், இரண்டு ஓம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, ஒரே பொருளை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறேன். விற்றது என் எதிர்காலத்தை. வாங்கி ஏமாந்தவர்கள் என்னைப் பெற்ற இருவர்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. மெல்பேர்னில், டண்டினொங் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் எங்கள் வீடு. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதங்கள். இங்கே சில பல்கலைக்கழகங்கள் பரீட்சைப் பெறுபேறு வரும்வரை காத்திருப்பதில்லை. ‘உனக்கு இடம் உண்டு’ என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பிவிடும். முக்கியமான நிபந்தனை ஒன்றுதான்: விண்ணப்பத்தின் விருப்பப் பட்டியலில் அந்தப் படிப்பை முதலாவதாகப் போட வேண்டும். எனக்கு அப்படி இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று நகரத்துக்குள்ளேயே பொறியியல். மற்றது இரண்டு மணி நேரத் தொலைவில், பல்லாரட்டில் பிசியோதெரபி. பட்டியலிலோ முதலிடம் ஒன்றே ஒன்று. (இதை இப்போது எவ்வளவு தெளிவாக எழுதுகிறேன் பாருங்கள். அன்றைக்கு இதில் கால்வாசித் தெளிவு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

அப்பா ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்து காலை ஆறரைக்கு வீடு வருவார். அம்மா முதியோர் இல்லத்தில் காலை வேலைக்கு ஆறு மணிக்கே போய்விடுவார். பின்னேரம் அவர் திரும்பும்போது அப்பா தூக்கத்தில் இருப்பார். இருவரும் ஆற அமரச் சந்திப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் அவர்களுடைய தாம்பத்தியம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய துண்டுக் காகிதங்களில் நடந்தது. ‘கறி கீழ்த்தட்டில. கார் ரயருக்குக் காத்து இல்லை.’

ஒரு காலை, அப்பா தேத்தண்ணியை உறிஞ்சியபடி கேட்டார்.

“என்ன பிள்ளை, என்ஜினியரிங் தானே?”

அந்த முகத்தில் இரவெல்லாம் பெட்டி அடுக்கிய களைப்பையும் மீறி ஒரு வெளிச்சம். அதை அணைக்க யாருக்கு மனம் வரும்?

“ஓம் அப்பா.”

“அம்மாட்ட இப்ப சொல்லாதை. அவவுக்குப் பிசியோ ஆசை. பாவம், மனம் உடைஞ்சு போவா. நானே ஆறுதலாச் சொல்லுறன்.”

அன்று பின்னேரம் அம்மா என் தலைமுடியைக் கோதினார்.

“பிசியோ தானேயடி?”

“ஓமம்மா.”

“அப்பாட்ட இப்ப வாய் திறக்காதை. பாவம் அந்தாள். நான் நேரம் பாத்துச் சொல்லுறன்.”

ஒருவர்மேல் ஒருவர் வைத்த இந்த இரக்கம்தான் என்னைக் கெடுத்தது. இருவரும் தாங்களே வென்றதாக நினைத்து, தோற்றவருக்காக மௌனமாக வருந்திக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? அப்பா சிரித்தால் பட்டியலில் பொறியியலை மேலே இழுத்தேன். அம்மா ஆசையாகச் சோறு குழைத்துத் தந்தால் பிசியோவை மேலே இழுத்தேன். பட்டியலை மாற்றக் கடைசி நாள் ஒரு ஞாயிறு, மாலை ஐந்து மணி. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று அந்த ஞாயிறும் வந்துவிட்டது.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா தன்னோடு வேலை செய்யும் சிவா அங்கிளைக் கூப்பிட்டிருந்தார். அம்மா தன் சிநேகிதி ராணி அன்ரியைக் கூப்பிட்டிருந்தார். இரண்டும் ‘சும்மா’ என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

சாப்பிட்டு முடித்ததும் சிவா அங்கிள் ஒரு பொதியை என் மடியில் வைத்தார். உள்ளே ஒரு வெள்ளை ஹெல்மெட்டும், கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் பாதுகாப்புச் சட்டையும். அப்பா தானே எழுந்து வந்து இரண்டையும் எனக்கு மாட்டிவிட்டார். ஹெல்மெட் மூக்குவரை இறங்கியது.

அதே நேரத்தில் குசினிக்குள் இருந்து அம்மாவும் ராணி அன்ரியும் ஒரு நீளமான கேக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கேக்கின் நடுவே வளைந்து நெளிந்து, இருபுறமும் கால்களோடு, வெள்ளை ஐசிங்கில் ஏதோ ஒன்று கிடந்தது. கீழே ‘எங்கட பிசியோ’ என்று ரோஸ் நிறத்தில் எழுத்து.

சிவா அங்கிள் எட்டிப் பார்த்தார். “என்ன தங்கச்சி, பூரானோ?”

“முள்ளந்தண்டு அண்ணை!” என்றார் ராணி அன்ரி. அந்த முதுகெலும்புக்கு இரண்டு நாள் உழைப்பு.

அம்மா என் தலையைப் பார்த்தார். “இதென்ன கோலம்? பிள்ளை றோட்டு வேலைக்கோ போறாள்?”

“என்ஜினியரிங்குக்கு. என்னட்ட ஓம் எண்டு சொன்னவள்.”

“என்னட்டயும் ஓம் எண்டுதான் சொன்னவள்!”

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நிலைமையைச் சமாளிக்க என் மூளை கண்டுபிடித்த ஒரே வசனம், “கேக் வெட்டுவமா?” என்பதுதான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். நாலரை. “இப்ப லிஸ்டில முதலாவதா எது கிடக்கு?”

“சரியாத் தெரியேல்லை அப்பா.”

அது பொய்யில்லை. கேக்கைத் தள்ளிவைத்துவிட்டு லப்டொப்பைத் திறந்தேன். ஐந்து தலைகள் திரைக்கு முன்னால் குவிந்தன. (ஒன்றில் ஹெல்மெட்.) முதலிடத்தில் பொறியியலும் இல்லை, பிசியோவும் இல்லை. ‘குதிரைப் பராமரிப்பு’ இருந்தது. எட்டாவது இடத்தை நிரப்பச் சும்மா போட்டுவைத்த டிப்ளோமா. நான் மேலும் கீழும் இழுத்த இழுப்பில் அது எப்படியோ உச்சிக்கு ஏறிவிட்டது.

“குதிரையோ?” என்றார் ராணி அன்ரி, மெல்லிய குரலில்.

இன்னும் அரை மணி நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் இரண்டு இடங்களும் போயிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“கேக்கை விடு, தொப்பியை விடு. உனக்கு எது விருப்பம்?”

“பிசியோ,” என்றேன். “ஆனா நான் பல்லாரட்டுக்குப் போனா, விடிய அப்பாவோட ஆர் இருந்து தேத்தண்ணி குடிக்கிறது? அவர் வெறும் வீட்டுக்கெல்லோ வருவார்?”

எனக்கே அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் தொண்டையில் நின்றது இதுதான் என்று. அப்பா தொண்டையைச் செருமினார்.

“ஏன், எனக்குத் தேத்தண்ணி போடத் தெரியாதே?”

“தெரியாது,” என்றார் அம்மா.

முதலில் சிரித்தவர் அப்பாதான். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, பிசியோவை முதலிடத்துக்கு இழுக்க வைத்தார். ஐந்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே கேக் வெட்டினேன். முதல் முள்ளெலும்பு அப்பாவுக்கு.

பல்லாரட்டில் படித்து முடித்து வேலைக்கும் வந்துவிட்டேன். ஆனால் என் வாக்கு மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் செல்லுபடியாகவில்லை. கடைக்குப் போகிறாயா என்று கேட்டு நான் ஓம் என்றாலும், “இது எந்த ஓம்?” என்று அம்மா திருப்பிக் கேட்பார்.

போன வருடம் எனக்குக் கலியாணப் பதிவு நடந்தது. பதிவாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இவரை மனப்பூர்வமாக ஏற்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வெட்கப்பட்டு, “யெஸ்” என்றேன்.

முன்வரிசையிலிருந்து அப்பாவின் குரல் கணீரென்று வந்தது. “எழுத்தில எடுங்கோ!”

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. தமிழ் தெரியாத பதிவாளர் அதை ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்து, அப்பாவைப் பார்த்துப் பக்தியோடு கைகூப்பினார்.