மாடி அறைக்கு வந்த பாசி மாப்பிள்ளை

பெர்சிஸ் கோவ்,
நியூஃபவுண்ட்லாந்து.
வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய துருசிலா அக்காவுக்கு, தம்பி ஆம்ப்ரோஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி எஃபியும் மூடுபனியைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். அங்கே ஆல்பர்ட்டாவில் நீயும் உன் முழங்காலும் ஒருவரோடொருவர் சமாதானமாக இருக்கக் கடவுள் அருள்வாராக. நீ கேட்டிருந்த, சதுப்பில் பழுக்கிற பேக்ஆப்பிள் பழத்து ஜாம் இந்த வருஷம் வராது. ஏன் வராது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் ரோடாவுக்குக் கல்யாணம், அக்கா. போன வாரத்துக்கு முந்தின வாரம் செயின்ட் ஜான்ஸிலிருந்து போன் பண்ணினாள். காற்று அடித்த அடியில் பாதிதான் காதில் விழுந்தது. "அப்பா, ஃபிடேல்னு ஒருத்தர் வர்றாரு, ரொம்ப நல்ல மனுஷன், மாடி ரூமைக் கொடுங்க" என்றாள். அப்புறம் கரகரவென்று இரைச்சல். அப்புறம், "முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு, ரெண்டு மூணு வாரத்துல நேர்ல வந்து சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். அதோடு லைன் போய்விட்டது. முப்பத்து நாலு வயதுப் பெண் தகப்பனிடம் கோபித்துக்கொள்ளாதே என்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? எஃபி அப்போதே நல்ல மேசைவிரிப்பை வெளியே எடுத்துவிட்டாள்.

வந்தவனுக்குத் தாடி, தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ், பெட்டிக்குப் பதிலாகச் சாக்குமூட்டை. நியூ பிரன்ஸ்விக்காரன். உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வைத்து உபசரித்து, என்ன வேலை என்று கேட்டேன். "சதுப்புல வளர்ற பீட் பாசியை வகை பிரிக்கறேங்க ஐயா" என்றான். மாமா என்று கூப்பிட வெட்கம்போல என்று நினைத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து இந்தச் சதுப்பு நிலத்தில் நடக்கிறவன் நான். "பாசின்னா ஒண்ணுதானேப்பா, இதுல வகை ஏது?" என்றேன். எஃபி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உலகத்தில் முந்நூறு வகைக்கு மேல் இருக்கிறது, உங்கள் கொல்லையிலேயே முப்பதாவது தேறும் என்று ஆரம்பித்தவன், சாப்பாடு ஆறி இறுகும் வரை நிறுத்தவில்லை. மேட்டு உச்சியில் பழுப்புப் பாசியாம், சரிவில் சிவப்பாம், பள்ளத்துத் தண்ணீரில் நனைந்த பூனை வால் மாதிரிப் பச்சையாம், ஒன்று மற்றொன்றின் இடத்துக்குப் போகாதாம். நம் சர்ச்சுக்குள் பர்சி குடும்பம் நம்முடைய பெஞ்சில் உட்காராதே, அதுபோலவா என்று எஃபி கேட்டாள். "அதேதாம்மா, அச்சு அசலா அதேதான்" என்று அவன் பூரித்துப்போனான். சில வகைகள் லாப்ரடார், கிரீன்லாந்து, நார்வேயின் வடகோடி என்று குளிர்ந்த இடமாகப் பார்த்துத்தான் குடியிருக்குமாம். "அதுல ஒண்ணு இங்கேயும் இருக்கும்னு எனக்கு ஒரு நம்பிக்கை. கெடைச்சா பாசி வரைபடத்துல உங்க ஊருக்குன்னு ஒரு புள்ளி வைப்பாங்க ஐயா" என்றான். சாலை வரைபடத்திலேயே நம் ஊர் கிடையாது. எழுந்துபோய் அவன் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தேன்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனி. பேக்ஆப்பிள் பறிக்க வைத்திருந்த வாளிகள் அத்தனையும் பாசிக்குப் போய்விட்டன. உன் ஜாம் போனது இப்படித்தான். பாசியைப் பிழிந்து காகிதத்தில் மடித்து ரொட்டி சுடும் அடுப்பில் காய வைத்தான், ரொட்டி சதுப்பு நில வாடை அடித்தது, "மண்வாசனை நல்லாத்தான் இருக்கு" என்று எஃபி அவன் எதிரில் இரண்டு துண்டு தின்றுவிட்டு என் எதிரில் அழுதாள். குளியல் தொட்டியில் ஒரு மூட்டை காய்ந்த பாசியை வைத்திருந்தான். நான் அதைப் பார்க்காமல் குழாயைத் திறந்துவிட்டு சோப்பு எடுக்கப் போய் வந்தால் தண்ணீரைக் காணோம். தொட்டி முழுக்கக் குண்டாக ஏதோ ஒன்று உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதுகூடப் போகட்டும், அக்கா. பாசி இலையில் துளை தெரிய வேண்டுமென்று ஊதாச் சாயத்தில் ஊற வைப்பானாம். அந்தக் கண்ணாடித் தம்ளரை அவன் வைத்தது, நான் பல் செட்டைப் போட்டு வைக்கிற தம்ளருக்குப் பக்கத்தில். சனிக்கிழமை ராத்திரி மூக்குக்கண்ணாடி போடாமல் எதை எடுத்து எதில் போட்டேனோ, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று மகளுடைய கல்யாணச் செய்தியை அறிவித்தபோது ஒருத்தர் முகத்திலும் சந்தோஷமில்லை, எல்லாரும் ஊதாவாகிப்போன என் பல் செட்டையே பார்த்தார்கள். போதகர் மட்டும் பக்கத்தில் வந்து, "ஆம்ப்ரோஸ், புளூபெர்ரி அதுக்குள்ள பழுத்திடுச்சா?" என்று கேட்டார்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ரோடாவிடம் நீதான் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எஃபிதான் தடுத்தாள். "பையன் மனசுல என்ன இருக்குன்னு முதல்ல கேளுங்க" என்றாள். சரியென்று நேற்று அவனோடு சதுப்புக்குப் போனேன். சுற்றிவளைக்காமல், "கடைசி வரைக்கும் இருப்பியா, பாதியில விட்டுட்டுப் போயிடுவியா?" என்று கேட்டேன். அவன் அந்த வெட்டவெளியை ஒரு பார்வை பார்த்து, "விடறதாவது ஐயா. ஆறு வருஷமாத் தேடினது. இனிமே வருஷா வருஷம் வருவேன்" என்றான். எனக்குக் கண் கலங்கி, அவன் கையைப் பிடிக்க ஓரடி வைத்தேன். வைத்த இடம் பூனை வால் பச்சை.

மார்பு வரைக்கும் இறங்கிவிட்டேன், அக்கா. கீழே கால் பாவவில்லை. அவன் அப்படியே குப்புறப் படுத்து என் சட்டைக் காலரைப் பிடித்தான். "அசையாதீங்க ஐயா" என்றான். என் உயிருக்காகத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். "உங்க காதுக்குப் பக்கத்துல இருக்கு" என்றான். என்ன இருக்கிறது, கரடியா என்று கேட்டேன். "அந்த வகைதான்னு நினைக்கறேன்." ஒரு கையில் என் காலர், மறு கையில் பூதக்கண்ணாடி. நாங்கள் கத்தின கத்தலில் அடுத்த வீட்டு ஹெட்லி கயிறும் சதுப்பில் ஓட்டுகிற நாலு சக்கர மோட்டார் வண்டியுமாக வந்து சேரும் வரை அவன் இரண்டையும் விடவில்லை. நான் பயப்படக் கூடாது என்று சுற்றி இருக்கிற பாசி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தான். ஹெட்லி என்னடாவென்றால், "என்ன ஆம்ப்ரோஸ், மாமனாரும் மருமகனும் ஒண்ணாக் குளியலா?" என்று ஆற அமரக் கயிற்றை அவிழ்க்கிறான். நான் வெளியே வந்தேன். என் பேண்ட் வரவில்லை. "அதை எடுக்க வேணாம், பாசி கலைஞ்சிடும்" என்று ஃபிடேல் சொன்னான். நானும் சரி என்றேன்.

காலரைப் பிடித்த பிடியை விடாதவனை நம்பி மகளைக் கொடுக்காமல் வேறு யாரை நம்பிக் கொடுப்பது? "இனிமே நீ எங்க வீட்டுப் பிள்ளை" என்று ஹெட்லியைச் சாட்சி வைத்துச் சொன்னேன். எந்த ஊரிலும் தன்னை இப்படி யாரும் நடத்தியதில்லை என்று அழுதான். கல்யாணம் அக்டோபரில், மீனவர் சங்கக் கூடத்தில். நீ விமானம் ஏறு. உன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உன் முழங்காலுக்கு எஃபியின் தனி விசாரிப்பு.

என்றும் உன் தம்பி,
ஆம்ப்ரோஸ் டல்க்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது, ரோடாவும் வந்துவிட்டாள், கூடவே வேறொரு பையனும். "அப்பா, அவர் எங்க ஆபீஸ் மூலமா ரூம் கேட்டவரு, வாடகைக்குன்னு தெளிவாச் சொன்னேனே" என்கிறாள். ஃபிடேலுக்கு ஊரில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்களாம். ஹெட்லி மருமகன் என்றதைக்கூட வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கத்து மக்கள் ரொம்பப் பாசக்காரர்கள் என்று மட்டும்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தானாம். என் காதோரம் இருந்ததும் நுண்ணோக்கியில் பார்த்தபோது எங்கும் கிடைக்கிற சாதாரண வகையாகிவிட்டது, ஊருக்குப் புள்ளியும் இல்லை. நிஜ மாப்பிள்ளை மரியாதையான பையன், வந்ததும் மாமா என்று கூப்பிட்டுவிட்டான். செயற்கைப் புல் விற்கிறானாம். அதில் எத்தனை வகை என்று கேட்டேன். மூன்றுதானாம். நீ ரோடாவிடம் கொஞ்சம் பேசு, அக்கா.